பஞ்சாங்கமா? தராசா?

தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் குற்றால மலைத் தண்ணீரையும் குளத்துத் தண்ணீரையும் நம்பிப் பயிரிட்டு வந்த ஊர்கள். சாரல் விழுந்தால் கார் நடவு, ஐப்பசி மழை பிடித்தால் பிசானம் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். அவ்வூர் விவசாயத் தோழர்களுக்கு ஒரு சங்கதி சொல்ல விரும்புகிறோம். அதாவது, நெல் கூடுதலாக விளையும் வழியை யாரிடம் கேட்பது என்பதைப் பற்றியாகும்.

இப்பொழுது யாரைக் கேட்கிறார்கள்? சித்திரையில் நல்லேர் பூட்டச் சோதிடரைக் கேட்கிறார்கள். நாற்று நடச் செவ்வாய்க்கிழமை ஆகாது, இராகுகாலம் ஆகாது. மழை பொய்த்தால் வருணஜபம். அந்த ஜபமும் பொய்த்தால் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாய் இழுத்து ஒப்பாரி. இவ்வளவும் செய்துவிட்டு, அறுப்பு முடிந்ததும் களத்தில் நெல்லை என்ன செய்கிறோம்? தராசில் வைத்து நிறுக்கிறோம். வியாபாரி ஒரு கிலோ அடித்துவிடுவானோ என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறோம். வியாபாரியிடம் இவ்வளவு சந்தேகப்படுகிற நாம், நாள் பார்த்து நட்ட வயலுக்கும் நாள் பாராமல் நட்ட வயலுக்கும் எத்தனை கிலோ வித்தியாசம் என்று ஒரு தடவையாவது நிறுத்துப் பார்த்ததுண்டா? அந்தத் தராசைப் புரோகிதர் பக்கம் ஏன் ஒரு நாளும் திருப்புவதில்லை?

இதில் ஒரு வேடிக்கையுமுண்டு. எந்தச் சாஸ்திரத்தின் பெயரால் நமக்கு நாள் குறித்துக் கொடுக்கிறார்களோ அந்தச் சாஸ்திரத்திற்கு உழவுத் தொழிலின் பேரிலேயே மதிப்புக் கிடையாது. இரும்பு முகமுள்ள கலப்பை பூமியையும் பூமியிலுள்ள பிராணிகளையும் வெட்டுகிறதாம். ஆகையால் உழவு பெரியோர்களால் நிந்திக்கப்பட்ட தொழிலாம். மனுதர்மம் பத்தாவது அத்தியாயம் இப்படிப் போகிறது. நிந்திக்கப்பட்ட தொழிலில் விளைந்த நெல்லைப் படியாக வாங்கிக்கொள்ள மாத்திரம் எந்த அத்தியாயமும் தடை செய்யவில்லை.

நிற்க. புரோகிதரை விட்டுவிட்டால் நமது பெரியவர்களைக் கேட்கலாமே என்பார்கள். கேட்போம். “அடர விதைத்து ஆழ உழு” என்கிறது ஒரு பழமொழி. “கலக்க விதைத்தால் களஞ்சியம் நிறையும், அடர விதைத்தால் போர் உயரும்” என்கிறது இன்னொரு பழமொழி. இரண்டும் தமிழ்ப் பழமொழிகள். இரண்டும் பாட்டன் வாயில் வந்தவை. ஒன்று நெருக்கு என்கிறது, மற்றது விலக்கு என்கிறது. எந்தப் பாட்டன் சொன்னது சரி? வயதைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியுமா? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விதைத்துப் பார்க்காமல் இந்த வழக்கு ஒருநாளும் தீராது.

அப்படியானால் சர்க்கார் அதிகாரியைக் கேட்கலாமா? தாராளமாகக் கேட்கலாம். அம்பாசமுத்திரத்தில் 1937 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. குடியானவர்கள் ‘அம்பை 16’ என்று வாய் மணக்கச் சொல்லும் நெல் அங்கே உண்டானதுதான். ஆனால் ஆராய்ச்சிப் பண்ணையில் தண்ணீர் வேண்டியபோது வரும், ஆள் வேண்டியபோது வருவார், வரப்பு மட்டமாயிருக்கும். குளத்தின் கடைமடையில் அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு அது மூன்றும் இல்லை. பண்ணையில் விளைந்தது தன் வயலிலும் விளையுமா என்று அவர் சந்தேகப்பட்டால் அது அறியாமையல்ல, அதுதான் பகுத்தறிவு.

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வழி, பரிசோதனையைப் பண்ணையிலிருந்து குடியானவர் வயலுக்குக் கொண்டுவருவதாகும். இது நமது தாமிரபரணிப் பாசனத்திலேயே ஒருதரம் நடந்திருக்கிறது. எப்படி நடந்ததென்று சொல்லுவதற்கு முன் அந்த முறை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லவேண்டும்.

ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் மடகாஸ்கர் என்றொரு தீவு. அங்கே 1961-இல் பிரான்சிலிருந்து ஹென்றி டி லௌலானி என்ற ஏசு சபைப் பாதிரியார் போய்ச் சேர்ந்தார். ‘பாதிரியாரைப் புகழ நீங்கள் எப்பொழுது ஆரம்பித்தீர்கள்?’ என்று சிலர் கேட்கக்கூடும். அவர் ஜபம் செய்து நெல் விளைவித்திருந்தால் நாம் அவர் பெயரையே எடுத்திருக்க மாட்டோம். அவர் சேற்றில் இறங்கிக் குடியானவர்கள் நடுவதைப் பல ஆண்டுகள் பார்த்தார். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். 1983-இல் மழை சரியில்லாமல், வழக்கமாய் ஒரு மாதம் வளரவிடும் நாற்றைப் பதினைந்தாம் நாளே பிடுங்கி நட நேர்ந்தது. வீண் என்று எண்ணிய அந்தப் பயிர் தூர் கட்டி நின்றதைக் கண்டார். இது கடவுள் கிருபை என்று முழங்காலிட்டு நின்றுவிடாமல், மறு பருவத்திலும் அதேபோல் நட்டுப் பார்த்தார். அவர் தம் வேலையில் அங்கியைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு இறங்கினார் என்றே நாம் வைத்துக்கொள்வோம்.

முறை இதுதான். பதினான்கு நாளுக்கு உட்பட்ட நாற்று. குத்துக்கு ஒரே நாற்று. குத்துக்குக் குத்து நான்கு பக்கமும் 22.5 சென்டிமீட்டர் சதுரம். ஏக்கருக்கு இருபது, முப்பது கிலோ விதைத்த இடத்தில் மூன்று கிலோ போதும். வயலில் எந்நேரமும் தண்ணீர் கட்டி நிறுத்தாமல், மண் மயிரிழை போல் வெடித்தபின் இரண்டரை சென்டிமீட்டர் உயரம் பாய்ச்ச வேண்டும். பத்து நாளைக்கு ஒருதரம் உருளைக் களைக்கருவியைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டவேண்டும். களை மண்ணுக்குள் அமுங்கி எருவாகும். வேருக்குக் காற்றும் கிடைக்கும். நெல் தண்ணீரைப் பொறுத்துக்கொள்ளும் பயிரே தவிர, தண்ணீருக்குள்ளேயே இருந்தாக வேண்டிய பயிர் அல்ல. முற்றிய நாற்றைப் பிடுங்கி வேரை அறுத்து நட்டால் அது காயம் ஆறுவதற்கே நாள் போய்விடும். தூர் வெடிக்க வேண்டிய காலம் அதிலேயே கழிந்துவிடும். இளநாற்றுக்கு அந்த நஷ்டமில்லை.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதை 2000-த்தில் ஆராயத் தொடங்கிற்று. பிறகு 2003–04-இல் தாமிரபரணிப் பாசனத்தில் நூறு குடியானவர்களின் வயல்களிலும், காவிரிப் பாசனத்தில் அவ்வாறே நூறு வயல்களிலும் பரிசோதனை வைத்தார்கள். அன்று தென்காசி திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தனி மாவட்டமானது 2019-இல். ஒரே குடியானவரின் நிலத்தில் ஒரு பக்கம் பழைய நடவு, ஒரு பக்கம் புதிய நடவு. அறுத்து நிறுத்தபோது தாமிரபரணிப் பாசனத்தில் பழைய முறைக்கு ஹெக்டேருக்குச் சராசரி 5,657 கிலோ. புதிய முறைக்கு 7,227 கிலோ. நமது கணக்கில் ஏக்கருக்கு ஏறத்தாழ 635 கிலோ கூடுதல். இந்த 635 கிலோவுக்கு எந்தச் சாமிக்கும் பொங்கல் வைக்கவில்லை.

சராசரி என்றால் நூறு பேருக்கும் ஒரே அளவு கிடைத்தது என்று அர்த்தமல்ல. சிலருக்கு மிக அதிகம், சிலருக்குக் கொஞ்சம். அன்றியும் இந்த முறையை ஒப்பாத விஞ்ஞானிகளும் உண்டு. அதை நாம் மறைக்கப் போவதில்லை. 2004-இலேயே, சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஷீஹி என்பவரும் அவரது கூட்டாளிகளும் சீனாவில் மூன்று இடங்களில் நட்டுப் பார்த்துவிட்டு, இம்முறைக்கென்று தனிச் சிறப்பு எதுவும் காணவில்லை என்று எழுதினார்கள். வேத சாஸ்திரத்தை மறுத்தால் நாஸ்திகன். விஞ்ஞானத்தை மறுத்தால் மறுப்பை அச்சடித்து எல்லோருக்கும் படிக்கக் கொடுக்கிறார்கள். ஆகவே இந்தச் சாகுபடியை ஒரு புதுச் சாஸ்திரமாக எடுத்துக்கொள்ளச் சொல்லுகிறவர்கள் நாமல்ல. சீனா வயல் சீனாவுக்குச் சாட்சி. குத்துக்கல்வலசை வயல் தனக்குத் தானே சாட்சி சொல்லட்டும்.

ஆனால் சாட்சி பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பரிசோதனை என்று சொல்லிவிட்டு, புதிய முறைக்கு மடையருகே நல்ல மண்ணையும் பழைய முறைக்குக் கடைக்கோடிக் களர் மண்ணையும் ஒதுக்கினால் அது பரிசோதனையல்ல, மோசடி. ஒரே வயலைப் பிரிக்கவேண்டும். இரண்டு பக்கமும் ஒரே விதை, ஒரே எரு. விதையையும் எருவையும் மாற்றி நாற்றையும் மாற்றினால் விளைந்தது எதனால் என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. இரண்டு துண்டோடு நிறுத்தாமல் ஆறு, எட்டுத் துண்டாக்கி மாற்றி மாற்றி நடுவது மேல். ஏனென்றால் ஒரே வயலிலும் மேட்டு மண் வேறு, பள்ள மண் வேறு. எல்லைக்கு வரப்பில் ஒரு கல்லை நட்டுவையுங்கள். ஊர்ப் பெயரிலேயே குத்துக்கல் இருக்கிறது. நம் நாட்டில் நிமிர்ந்து நிற்கும் கல்லைக் கண்டால் எண்ணெய் பூசி மஞ்சள் துணி சுற்றிவிடுவது வழக்கமாதலால், அந்தக் கல்லின் மேல் ‘பழையது’, ‘புதியது’ என்று தாரில் எழுதிவிடுவது நல்லது!

எந்தத் துண்டுக்கு எந்த முறை என்பதை நாமே தேர்ந்தெடுக்காமல் சீட்டுப் போட்டு எடுக்கவேண்டும். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற ஊரில் 1843-இல் தொடங்கிய கோதுமைப் பரிசோதனை இன்னும் ஒரே வயலில் நடந்துவருகிறது. அந்தப் பண்ணைக்கு 1919-இல் வந்த பிஷர் என்ற கணக்காளர்தான் இந்தச் சீட்டு வழியை வற்புறுத்தினார். நம்மவர்களுக்குச் சீட்டுப் புதிதல்ல. கோவிலில் சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டுப் பார்க்கிறார்கள். அங்கே சீட்டு, சாமியின் மனதை அறிவதற்கு. இங்கே சீட்டு, நமது மனதிலுள்ள ஓரவஞ்சனையை ஒழிப்பதற்கு.

அறுத்ததும் ஒவ்வொரு துண்டின் நெல்லையும் தனித்தனியே தூற்றி, ஒரே காய்ச்சலில் நிறுத்து, நோட்டில் எழுதவேண்டும். நெல் மாத்திரமல்ல, விதைச் செலவு, கூலி, தண்ணீர் பாய்ச்சிய தடவை எல்லாவற்றையும் எழுதவேண்டும். ஒரு பருவத்தை நம்பக்கூடாது. காரில் ஒருதரம், பிசானத்தில் ஒருதரம், மறு வருஷம் இன்னொருதரம்.

இத்தனை நல்லதாயிருந்தால் தொடங்கியவர்களில் பலர் ஏன் விட்டுவிட்டார்கள் என்ற கேள்வி நியாயமானது. முதலாவது தண்ணீர். ஒருவர் வயல் நிரம்பி அடுத்தவர் வயலுக்கு வழிகிற பாசனத்தில், நடுவில் இருப்பவர் மாத்திரம் தன் வயலைக் காயப்போட நினைத்தால் எப்படி முடியும்? அடைமழையில் இளநாற்று மூழ்கினால் என்ன செய்வது? ஒரு மடையில் உள்ளவர்கள் சேர்ந்து ஒப்புக்கொண்டால்தான் இது நடக்கும். சாதிக்கொரு தெருவும் தெருவுக்கொரு கோவிலும் வைத்திருப்பவர்கள் மடைக்கொரு கூட்டம் கூடுவது எளிதல்ல என்பதை அறிவோம். இருந்தாலும் தண்ணீர் சாதி பார்த்து வழிவதில்லையே.

இரண்டாவது ஆள். ஒற்றை இளநாற்றைக் கயிறு பிடித்துச் சதுரமாக நடுவதற்குப் பழக்கமும் பொறுமையும் வேண்டும். நடுகிறவர்கள் யார்? குனிந்த முதுகு நிமிராத பெண் மக்கள். புதிய வேலைக்குப் பழைய கூலி என்றால் அவர்கள் பழைய மாதிரியே கைக்கு வந்ததை நட்டுவிட்டுப் போவார்கள், போவதுதான் நியாயம். இதைவிட முக்கியமான சங்கதி ஒன்றுண்டு. அந்தத் தாமிரபரணிக் கணக்கிலேயே, புதிய முறையில் பெண்களின் வேலை குறைந்து ஆண்களின் வேலை கூடியது தெரிந்தது. கையால் களை பறித்தவரை அது பெண் வேலை. கருவி வந்ததும் ஆண் வேலை! குனிந்து செய்தால் பெண்ணுக்கு, நிமிர்ந்து செய்தால் ஆணுக்கு என்று யார் பங்கு பிரித்தார்கள்? கருவியைப் பெண்கள் கையில் கொடுத்து, ஆணுக்குக் கொடுக்கும் கூலியையே கொடுத்துப் பார்க்கட்டுமே. விளைச்சல் குறைகிறதா என்று அதையும் நிறுத்துப் பார்த்துவிடலாம். 635 கிலோவில் நட்டவருக்கும் களை ஓட்டியவருக்கும் பங்கில்லையென்றால், அது நிலக்காரர் பத்தாயம் பெருத்த கதையாகுமே தவிர ஊர் பிழைத்த கதையாகாது. குத்தகைக்காரரும், கூட விளைந்தால் குத்தகை கூடுமே என்று அஞ்சிப் புதிய முறைப் பக்கம் தலைவைக்காமல் இருக்கிறார். அந்தப் பயத்தை எந்தக் களைக்கருவியும் எடுக்காது.

மூன்றாவதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். 2010-இல் தஞ்சைப் பெரிய கோவில் ஆயிரமாண்டு விழாவையொட்டி இந்தச் சாகுபடிக்கு ‘ராஜராஜன் 1000’ என்று பெயர் சூட்டினார்கள். நம்மவர்கள் ஆட்சியிலேயேதான் இது நடந்தது. நூறு குடியானவர்கள் சேற்றில் நின்று நிறுத்து நிரூபித்த முறைக்கு, பிரமதேயம் கொடுத்த அரசர் குலத்தின் பெயர் எதற்கு? பெயரா நெல்லை விளைவித்தது?

வருகிற கார் பருவத்தில் குத்துக்கல்வலசை வட்டாரத்தில் ஐந்தாறு தோழர்களாவது பத்து சென்டு நிலத்தைப் பிரித்து இதைச் செய்து பார்க்கவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம். பத்து சென்டு போனால் குடி முழுகிவிடாது. அவர்களில் ஒருவராவது செவ்வாய்க்கிழமை இராகுகாலத்தில் ஒரு துண்டு நட்டுப் பார்த்தால் மெத்தச் சந்தோஷம். நிறுத்த கணக்கை, கூடினாலும் குறைந்தாலும், நமக்கு எழுதியனுப்பட்டும். குறைந்த கணக்கைத்தான் முதலில் வெளியிடுவோம்.