வழுதாவூர் ரோட்டுல ஒரு கடல்!

பாண்டி மக்களே, வழுதாவூர் ரோடு தெரியும்ல? அந்த ஊர் பேர்ல ஒரு பாறை அடுக்கே இருக்கு! சுமார் 7 கோடி வருஷத்துக்கு முன்னாடி, டைனோசர் காலத்துல, அந்தப் பக்கம் எல்லாம் கடல். அங்கே கிடைச்ச சிப்பி, நத்தைப் படிமங்களைப் பத்தி 1846-லேயே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் எழுதிட்டார்.

சிப்பி ஹீரோன்னா, நம்மாளு சைடு ஆக்டர். பேரு பிரையோசோவன். பாசி மாதிரி படர்றதால 'பாசி விலங்கு'ன்னும் சொல்லலாம். ஒரு உயிரோட சைஸ் பொதுவா ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆனா கூட்டமா சேர்ந்து, ஹாஸ்டல் மாதிரி வரிசையா சுண்ணாம்பு ரூம் கட்டிக்கும். ரூம்ல இருந்து மெல்லிசான கொம்புகளை நீட்டி, தண்ணியில மிதக்குற இரையை வடிகட்டிச் சாப்பிடும். ஆள் செத்துப் போனாலும் ஹாஸ்டல் கல்லா நிக்கும். அரியலூர், பாண்டி பாறைகள்ல இருக்குற இந்த ஹாஸ்டல்களைப் பத்தி மட்டுமே குஹாவும் நாதனும் 1996-ல ஒரு ஆய்வு நூல் போட்டிருக்காங்க.

சரி, இதை வெச்சு என்ன தெரியும்? மெல்லிசான கிளைகள் நொறுங்காம கிடைச்சா, அங்கே அலை கம்மின்னு யூகிக்கலாம். சின்னத் தட்டு மாதிரி ஒட்டாம வாழ்ற வகை கிடைச்சா, அடியில மணல் தரை. இன்னொண்ணுதான் செம மேட்டர்: தண்ணி குளிரா இருந்தா ரூம் பெருசாகும், சூடானா சிறுசாகும். ஒரே காலனியில ரூம் சைஸ் எவ்வளவு மாறுதுன்னு அளந்தா, அந்தக் கடலோட வெப்பம் வருஷத்துல எவ்வளவு ஏறி இறங்குச்சுன்னு கணக்குப் போடலாம். மெஷின் இல்லாத தெர்மாமீட்டர்!

இப்போ சிவில் பசங்க கவனிங்க. கிட்டத்தட்ட அதே காலத்துக் கல்லங்குறிச்சி சுண்ணாம்புக் கல்லுல, அரியலூர் பக்கம், பிரையோசோவன்கள் ஏராளம். அந்தக் கல்தான் சிமென்ட் ஆகுது. சுரங்கம் தோண்டுறதாலதான் படிமம் வெளியே தெரியுது. அதே சுரங்கத்தாலதான் பொடியாகியும் போகுது. வீடு வேணும், சிமென்ட் வேணும், ஒத்துக்கறேன். ஆனா அரைக்கிறதுக்கு முன்னாடி படிக்க ஆள் வேணும்ல?

ஃபீல்டு டிரிப் போனா, அழகா இருக்குன்னு கல்லைப் பாக்கெட்ல போட்டுக்காதீங்க. எந்த அடுக்குல இருந்துச்சுன்னு தெரியாத படிமம், அட்ரஸ் இல்லாத லெட்டர் மாதிரி. போட்டோ எடுங்க, இடத்தைக் குறிச்சு வைங்க, பாண்டிச்சேரி யுனிவர்சிட்டி புவி அறிவியல் துறைக்குச் சொல்லுங்க. 7 கோடி வருஷத்து லெட்டர், சரியான ஆள் கையில போய்ச் சேரட்டும்!