திறந்த கேட்டின் முன்னும் ஒரு நிறுத்தம்

தமிழ்நாடு போக்குவரத்து மற்றும் சாலைப் பாதுகாப்பு ஆணையர் அவர்களுக்கு, தளவாய்புரத்திலிருந்து ஒரு திறந்த மடல்.

காவலற்ற லெவல் கிராசிங்கை, அதாவது சாலையும் தண்டவாளமும் ஒரே மட்டத்தில் குறுக்கிடும், காவலாள் இல்லாத இடத்தை, அணுகும் ஒவ்வோர் ஓட்டுநரும் வண்டியை நிறுத்த வேண்டும் என்றும், நடத்துநரோ கிளீனரோ உதவியாளரோ இறங்கி நடந்து போய் எந்தப் பக்கமும் ரயில் வரவில்லை என்று கண்ட பிறகே வண்டியை அழைத்துச் செல்ல வேண்டும் என்றும், அப்படி எவரும் உடனில்லை என்றால் ஓட்டுநரே இறங்கிப் பார்க்க வேண்டும் என்றும் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 131ஆம் பிரிவு விதிக்கிறது. ஓட்டுநரை இருக்கையை விட்டு எழுந்து தம் கண்ணால் பார்க்கச் சொல்லும் விதிகள் சாலைச் சட்டத்தில் அரிது. ஆனால் அகலப் பாதைகளில் இருந்த ஆளில்லாக் கிராசிங்குகள் 2019 ஜனவரி இறுதிக்குள் நீக்கப்பட்டுவிட்டதால், விதி ஏட்டில் இருக்க, அது பொருந்தும் இடம் ஏறக்குறைய இல்லாமல் போயிற்று; அத்துடன், நின்று பார்க்கும் பழக்கமும் ஓட்டுநர் பயிற்சியிலிருந்து ஓசையின்றி நழுவிவிட்டது. இன்று பழகுநர் தேர்வில் மிஞ்சியிருப்பது, வேலிப் படம் போட்ட முக்கோணப் பலகை காவலுள்ள கிராசிங்கையும் எஞ்சின் படம் போட்டது காவலற்றதையும் குறிக்கும் என்று பிரித்துச் சொல்வது மட்டுமே.

எங்கள் பகுதியில், விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், கரிவலம்வந்தநல்லூர், சங்கரன்கோவில் வழியாகச் செங்கோட்டைக்குச் செல்லும் ஒற்றைப் பாதை, மீட்டர் பாதையாக இருந்து அகலப் பாதையாகி, அண்மையில் மின்மயமும் ஆன ஒன்று. பொதிகையும் சிலம்பும் கொல்லம் விரைவு வண்டியும் இதில்தான் ஓடுகின்றன. பாதையின் இயல்பு இவ்வாறு மாறினாலும், அதைக் கடப்பவர்களின் பழக்கம் பழைய பாதைக்கு உரியதாகவே இருக்கிறது: நைட்டி மூட்டைகளை ஏற்றிய லோடு ஆட்டோக்கள், ஷிப்டு மாறும் நேரத்தில் பெண்களை ஏற்றிச் செல்லும் மில் வேன்கள், பள்ளி வேன்கள், கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ஆகியவை எதிரில் கேட் திறந்திருந்தால் வேகத்தைக் குறைக்காமலே ஏறி இறங்குகின்றன. ஊர்ப் பேச்சில் ‘கேட் போட்டாச்சு’ என்றால் நிற்க வேண்டும், ‘கேட் தூக்கியாச்சு’ என்றால் போகலாம். இரண்டுக்கும் நடுவே, கேட் திறந்திருக்க ரயிலும் வரும் நிலையைக் குறிக்க ஒரு சொல் கூட வழக்கில் இல்லை.

அந்த நிலை 2025 ஜூலை 8ஆம் தேதி காலையில் கடலூரை அடுத்த செம்மங்குப்பத்தில் நேர்ந்தது. திறந்திருந்த கேட் வழியாகத் தண்டவாளத்தில் ஏறிய பள்ளி வேன் மீது விழுப்புரம்–மயிலாடுதுறை பயணிகள் ரயில் மோதியதில் மூன்று மாணவர்கள் இறந்தனர். வேன் ஓட்டுநர் வற்புறுத்தியதால் கேட் திறக்கப்பட்டதாக முதலில் ரயில்வே தரப்பில் கூறப்பட்டது. பின்னர், கேட் மூடப்படாமலே மூடப்பட்டதாக நிலையத்துக்குத் தகவல் தரப்பட்டது என்பது விசாரணையில் தெரியவந்ததாகச் செய்திகள் வந்தன. கேட் கீப்பர் கைது செய்யப்பட்டார். அந்தக் கேட்டில் அப்போது இன்டர்லாக்கிங் இல்லை. இன்டர்லாக்கிங் என்பது கேட்டையும் சிக்னலையும் ஒன்றோடொன்று பூட்டி வைக்கும் ஏற்பாடு: கேட் முழுமையாக மூடிப் பூட்டப்படாத வரை சிக்னல் பச்சைக்கு மாறாது, சிக்னல் பச்சையாக இருக்கும் வரை கேட்டைத் திறக்க இயலாது. அது இல்லாத இடத்தில், நிலைய அதிகாரியும் கேட் கீப்பரும் தொலைபேசியில் ‘பிரைவேட் நம்பர்’ என்னும் தனி எண்களைப் பரிமாறிக்கொள்வதே கேட் மூடப்பட்டதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. ஆகவே அங்கே திறந்து நிற்கும் கேட் என்பது ஓர் இயந்திரம் தரும் உறுதி அன்று. தூங்கக்கூடிய, மறக்கக்கூடிய, ஒரு முறை பொய்யும் சொல்லக்கூடிய ஒரு மனிதரின் வாய்மொழி மட்டுமே. அந்த வேனின் ஓட்டுநர் நின்று பார்த்திருக்க வேண்டும் என்று 131ஆம் பிரிவை நீட்டிச் சொல்ல இயலாது, ஏனெனில் அது காவலற்ற கிராசிங்கைப் பற்றியே பேசுகிறது; காவல் இருக்கும் என்று நம்பி வருபவரிடம் அது எதையும் கேட்பதில்லை.

தப்புவதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். கிராசிங்குக்குச் சுமார் 600 மீட்டர் முன்பாக, ரயில் ஓட்டுநர் ஒலி எழுப்பத் தொடங்க வேண்டிய இடத்தைக் காட்டும் பலகை நடப்பட்டிருக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் கடப்பதால், ஒலி கேட்டதிலிருந்து ரயில் வந்து சேர 21 அல்லது 22 நொடிகளே ஆகும். நடை வேகத்தில் ஊர்ந்து ஏறும் ஒரு கரும்பு டிராக்டர், தன் இழுவைப் பெட்டியின் பின்முனையும் தண்டவாளத்தை விட்டு விலகும் வரை 20 மீட்டர் நகர வேண்டும் என்று கொண்டால், அதற்கே 14 நொடிகள் போய்விடும். எஞ்சிய ஏழெட்டு நொடிக்குள் முடிவெடுக்க வேண்டிய ஓட்டுநர், கண்ணாடியை ஏற்றிவிட்டு ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டிருந்தால் முடிவெடுக்க வேண்டிய தேவையையே அறியமாட்டார். ரயில் ஓட்டுநரோ அவசர பிரேக் போட்டாலும், அந்த வேகத்தில் வண்டி நிற்க ஒரு கிலோமீட்டர் அளவு தேவைப்படலாம் என்பதால், பார்த்த பின் காப்பாற்றும் வாய்ப்பு அவருக்கு அரிதாகவே கிடைக்கும். ஒதுங்க இயலாத ஊர்தி ஒன்று, நிற்க இயலாத வேகத்தில் வருகிறது. விலகிக்கொள்ளும் வாய்ப்பு சாலையில் இருப்பவருக்கு மட்டுமே உண்டு.

இவ்வாறு கூறுவது ரயில்வேயின் குற்றத்தை ஓட்டுநர் தலையில் இறக்கி வைப்பதாகும் என்று மறுப்பு எழலாம். அது நியாயமான மறுப்பே, செம்மங்குப்பத்தின் முதல் அறிவிப்பே அதற்கு எடுத்துக்காட்டு. ஆனால் சட்டம் இவ்விரு பொறுப்புகளையும் ஒன்று மற்றொன்றை அழிப்பதாக எண்ணியதில்லை. 1979 மே மாதம் கேரளத்தின் அகப்பரம்பில் ஆளில்லாக் கிராசிங்கைக் கடந்த பேருந்து மீது ரயில் மோதி 40 பயணிகளும் ஓட்டுநரும் இறந்த வழக்கில், 1997இல் உச்ச நீதிமன்றம், நெரிசல் மிகுந்த அந்த இடத்தில் காவலாள் வைக்காத ரயில்வேயும் பொறுப்பேற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதோடு, ஓட்டுநரின் கவனக்குறைவைப் பயணியின் கணக்கில் எழுத இயலாது என்றும் தெளிவாக்கியது. பயணி எதற்கும் பொறுப்பாளி அல்லர் என்பதே அத்தீர்ப்பில் ஓட்டுநர்களுக்கு உரிய செய்தி. தவறு செய்ய இயலாத பத்துப் பதினைந்து பேர் முதுகுக்குப் பின்னால் அமர்ந்திருக்க, தவறு செய்யக்கூடியவர் வண்டியில் ஒருவரே.

மூடிய கேட்டைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. அடைத்த கேட்டைத் திறந்தால் 3 ஆண்டு வரையும் உடைத்தால் 5 ஆண்டு வரையும் சிறை என 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தின் 160ஆம் பிரிவு கூறியும், இரு சக்கர வண்டியைச் சாய்த்துக் கம்பிக்கு அடியில் நுழைப்பதைக் குற்றமாக எவரும் நினைப்பதில்லை. இலங்கையில் பொல்கஹவெல அருகே யாங்கல்மோதரவில் 2005 ஏப்ரலில் மூடியிருந்த கேட்டைச் சுற்றிக்கொண்டு போன தனியார் பேருந்து மீது ரயில் மோதி 35 பேருக்குக் குறையாமல் இறந்தனர். அந்தப் பேருந்து வேறொரு பேருந்தோடு போட்டி போட்டு ஓடியது என்பதை, கலெக்‌ஷனுக்காக ஓடும் மினி பஸ்களைக் கண்டவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1938 டிசம்பர் 1ஆம் தேதி, பனிப்புயல் வீசிய காலையில் பள்ளிப் பேருந்து மீது சரக்கு ரயில் மோதி ஓட்டுநரும் மாணவர்கள் பலரும் இறந்த பின்னர், பள்ளிப் பேருந்துகள் கிராசிங் முன் நின்று, கதவைத் திறந்து, காது கொடுத்துக் கேட்டுச் செல்லும் வழக்கம் அந்நாட்டில் வேரூன்றியது. பயணிகளை ஏற்றிய பேருந்துகள் தண்டவாளத்துக்கு 15 முதல் 50 அடி தொலைவுக்குள் நின்று பார்க்க வேண்டும் என்பது அங்கே கூட்டாட்சி விதியாகவும் உள்ளது. கேட் திறந்திருப்பது அந்தக் கடமையைத் தீர்த்துவிடாது. தமிழ்நாட்டில் இதற்குப் புதுச் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டுவதில்லை. 2012ஆம் ஆண்டின் பள்ளிப் பேருந்துச் சிறப்பு விதிகளின்படி பள்ளி வண்டியில் உதவியாளர் இருந்தாக வேண்டும். 131ஆம் பிரிவு இறங்கிப் பார்க்கச் சொல்வதும் அந்த உதவியாளரைத்தான். ஆள் இருக்கிறார், வேலைதான் அவருக்குச் சொல்லப்படவில்லை.

பின்னால் வரும் வண்டி மோதிவிடும், நெடுஞ்சாலையில் நெரிசல் கூடும் என்னும் தடையும் உண்டு. எல்லா வண்டிகளும் நிற்க வேண்டும் என்று கேட்கப்படவில்லை. பள்ளி, மில் வண்டிகள் மட்டும், எச்சரிக்கை விளக்கைப் போட்டுக்கொண்டு, சில நொடிகள் நின்றால் போதும். கிராசிங்குக்குப் பதிலாகச் சுரங்கப்பாதை அமைத்தால் சிக்கல் தீர்ந்தது என்பாரும் உளர். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் மூழ்கி மருத்துவர் ஒருவர் இறந்ததை அவர்கள் நினைவில் கொள்வது நல்லது, அங்கும் இறங்கிப் பார்க்கும் ஒருவர் தேவைப்படவே செய்கிறார்.

பள்ளி திறக்கும் முன் ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் பள்ளி வண்டிகளை ஓரிடத்தில் நிறுத்தி, அவசரக் கதவு, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், ஓட்டுநரின் கண்பார்வை ஆகியவற்றை வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள் சோதிக்கின்றனர். தீயணைப்பானை இயக்கிக் காட்டச் சொல்லும் அந்த மைதானத்திலேயே சுண்ணாம்புக் கோட்டால் ஒரு தண்டவாளம் வரைந்து, அதற்கு முன் வண்டியை நிறுத்தி, பாட்டை அணைத்து, கண்ணாடியை இறக்கி, உதவியாளர் இறங்கி இரு புறமும் பார்த்துக் கை காட்டிய பிறகு முதல் கியரில் கடந்து காட்டுமாறு ஒவ்வோர் ஓட்டுநரிடமும் கேட்கலாம். மில் வேன்களுக்குத் தகுதிச் சான்று புதுப்பிக்கும் நாளில் இதையே செய்யலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் எல்லையில் இதை முதலில் தொடங்க ஆணையர் அவர்களின் ஒரு சுற்றறிக்கை போதுமானது. அது அடுத்த மே மாதத்துக்கு முன் வந்து சேர வேண்டும் என்பதே வேண்டுகோள்.

மதிப்புடன்,
தளவாய்புரம்