பெருக்கலில் வராத ஆண்டுகள்

துறைமுகத்தைத் தனியாருக்குக் கைமாற்றும்போது தொழிலாளியின் முன் ஒரு கணக்கு நீட்டப்படுகிறது. வேலை பார்த்த ஆண்டு, பெருக்கல், நாள் சம்பளம். இதற்கு 'விருப்ப ஓய்வு' என்று பெயர். யாருடைய விருப்பம் என்று கேட்கக் கூடாது.

நான் வங்கிக் குமாஸ்தா. கூட்டலும் பெருக்கலும் பிழைப்பு. எனவே கணக்கையே முதலில் பார்ப்போம். மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களுக்கென்று 2000 மே மாதம் வந்த திட்டத்தில் ஒரு வழி இது: முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 35 நாள் சம்பளம், மிச்சமிருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 25 நாள் சம்பளம். 20 வருசம் வேலை பார்த்து 10 வருசம் மிச்சமிருப்பவருக்கு 950 நாள் சம்பளம். இப்படியான மேசைகளில் 35ஐ 45 ஆக்கு என்று சங்கம் கேட்கும். முடியாது என்று நிர்வாகம் சொல்லும். சண்டையெல்லாம் இந்த எண்ணைப் பற்றித்தான். பெருக்கப்படும் அந்த 'ஆண்டு' யாருடையது என்ற கேள்வி மேசைக்கு வருவதேயில்லை.

கப்பலின் அடிக்கிடங்கில் இறங்கிக் கரித்தூளையும் உரத்தூளையும் கூட்டி அள்ளியவர்கள் யார்? பெரும்பாலும் எங்க ஆளுங்கதான். காண்ட்ராக்டர் மாறிக்கொண்டே இருப்பார், ஆள் மாறமாட்டான். 20 வருசம் அதே கேட்டில் நுழைந்தவனுக்குப் பதிவேட்டில் சேவை பூஜ்யம். பூஜ்யத்தை 35ஆல் பெருக்கினாலும் 45ஆல் பெருக்கினாலும் பூஜ்யம்தானே! ஆட்குறைப்புக்கு ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்று 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் இருந்தது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. அதைக்கூட ஓராண்டுத் தொடர் வேலையைக் காட்டினால்தான் கேட்க முடியும். காட்டுவதற்குக் காகிதம் ஏது?

பதிவேடு என்பது சாதாரண விசயமில்லை. முன்பு மேஸ்திரி கேட்டில் நின்று விரல் நீட்டியவனுக்குத்தான் அன்றைய வேலை. ஜகஜீவன் ராம் தொழிலாளர் அமைச்சராக இருந்தபோது வந்த 1948ஆம் ஆண்டுச் சட்டம்தான் கப்பல்துறைத் தொழிலாளர்களைப் பதிவு செய்ய வழி செய்தது. வேலையில்லாத நாளிலும் வந்து நின்றால் ஒரு படி கிடைத்தது. பதிவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அதுவும் இல்லை. இன்று குத்தகை முறை மறுபடியும் மேஸ்திரியின் விரலுக்கே திரும்பியிருக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. விருப்ப ஓய்வில் காலியாகும் இடத்தை நிரப்பக் கூடாது என்பது அத்திட்டங்களின் விதி. ஆள் போனால் பதவியும் போகிறது. பதவி போனால் அதிலிருந்த இடஒதுக்கீடும் போகிறது. நவசேவாவில் 1997இலும், சென்னைச் சரக்குப்பெட்டக முனையத்தில் 2001இலும் தனியாரோடு ஒப்பந்தம் போட்டார்கள். சென்னையில் 30 ஆண்டுக்கு. தனியாருக்கு இடஒதுக்கீடு கட்டாயமில்லை. கடனில் நிற்பவர் காசோலையை வாங்கிக்கொண்டால் அவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் அந்த நாற்காலி அவருக்கு மட்டும் சொந்தமானதல்ல. சேரியில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் அதில் பங்குண்டு. அந்தப் பிள்ளைக்கு யார் இழப்பீடு கொடுத்தார்கள்?

2000 ஜனவரியில் துறைமுகங்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இறங்கியவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். 2024 ஆகஸ்டில் ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானபோது பேசப்பட்ட எண்ணிக்கை சுமார் 20,000. சரக்கா குறைந்தது? இல்லை, பெருகித்தான் இருக்கிறது. கொஞ்சத்தை இயந்திரம் தின்றது, மிச்சத்தைக் குத்தகை தின்றது.

1938இல் மன்மாடில் ரயில்வே தலித் தொழிலாளர்களிடம் அண்ணல் அம்பேத்கர் பேசினார். பார்ப்பனியம், முதலாளியம் இரண்டும் எதிரிகள் என்றார். தலித்துக்குப் போர்ட்டர் வேலைகூடக் கிடைக்காததன் காரணத்தையும் சொன்னார். போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் செய்யவேண்டும், தீண்டப்படாதவனை வீட்டுக்குள் விடமுடியாது. செங்கொடிச் சங்கத் தோழர்களிடம் நாம் பகையாகப் பேசவில்லை. தனியார்மயத்தை எதிர்த்து அவர்கள் நின்ற இடத்தில் நாமும் நிற்கிறோம். ஆனால் மன்மாடில் எழுந்த கேள்வி இன்றும் பதிலில்லாமல் கிடக்கிறது: வேலைக்குள்ளே சாதி பிரித்து வைத்திருப்பதைச் சங்கம் எப்போது தன் கோரிக்கைப் பட்டியலில் எழுதும்?

நம் கோரிக்கைகள் மூன்று. நுழைவுச் சீட்டு, பி.எஃப். எண், ஈ.எஸ்.ஐ. அட்டை எதுவானாலும் சான்றாக ஏற்று, காண்ட்ராக்டர் எத்தனை மாறினாலும் வேலை பார்த்த ஆண்டு முழுவதையும் எண்ணவேண்டும். முனையத்தை எடுக்கும் நிறுவனம் இடஒதுக்கீட்டையும் சேர்த்தே ஏற்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதவேண்டும். பேச்சுவார்த்தை மேசையில் குத்தகைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுத்த ஒருவர் உட்காரவேண்டும்.

மாணவத் தோழர்கள் இந்த விடுமுறையில் துறைமுகத்தை ஒட்டிய குடியிருப்புகளுக்குப் போங்கள். தகரப்பெட்டிக்குள் கிடக்கும் பழைய சீட்டுகளைக் கேட்டு வாங்கிப் படியெடுங்கள். யார் எந்த வருசம் எந்தக் கப்பலில் இறங்கினார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அவர்கள் எழுத மறுத்த பதிவேட்டை நாம் எழுதுவோம். அடுத்த பேச்சுவார்த்தைக்கு அந்த நோட்டோடு போவோம்.