செப்பனிட்டவரின் பெயர்

கட்டியவரை நினைவில் வைத்துக்கொள்ளும் ஊர், பழுது பார்த்தவரை எளிதில் மறந்துவிடுகிறது. கர்நாடகத்தின் சிவனசமுத்திரத்தில் காவிரியின் பழைய கற்பாலத்தைக் காணச் சென்றபோது, இவ்வழக்கம் முறைதானா என்ற ஐயம் எங்களுக்கு எழுந்தது.

இங்கே காவிரி இரு கிளையாகப் பிரிந்து, ஒரு தீவைச் சூழ்ந்து, ககனசுக்கி, பரசுக்கி என்னும் அருவிகளாக வீழ்கிறது. தீவை அடையப் பாறைப் படுகையில் கற்றூண்களை நிறுத்தி, மேலே கல் உத்தரங்களைப் பரப்பியிருக்கிறார்கள். வளைவுகள் இல்லை. கோயில் மண்டபமொன்று ஆற்றில் இறங்கி நிற்பதுபோன்ற தோற்றம்.

சிதைந்துகிடந்த இப்பாலங்களை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இராமசாமி முதலியார் பெரும்பொருள் செலவிட்டுச் சீரமைத்தார். ‘ஜனோபகார காமகர்த்தா’ என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது. புதிதாக ஒன்றை எழுப்பியதால் வந்த பெருமையன்று அது. இருந்ததை அழியாமல் காத்ததால் வந்தது.

2018ஆம் ஆண்டு வெள்ளம் ஒரு பாலத்தின் பகுதியை அடித்துச் சென்றது. இத்தகைய இழப்புகளின்போது இரு குரல்கள் எழுவதுண்டு: இடிபாட்டைக் காட்சிப்பொருளாக விட்டுவிடலாம் என்பது ஒன்று, கான்கிரீட்டால் நிரப்பிவிடலாம் என்பது மற்றொன்று. இரண்டும் எமக்கு உடன்பாடல்ல. முன்னது கைவிடுதல், பின்னது உருமாற்றுதல்.

ஏட்டுச்சுவடியின் சிதைந்த பாடத்தைத் திருத்தும் பதிப்பாசிரியர், அந்நூலின் நடையறிந்த பிறகே கைவைப்பார். கற்பாலத்தில் கைவைப்போருக்கும் அந்த ஒழுக்கம் வேண்டும். அதற்குக் கல்தச்சரின் தொழிலும் அழியாதிருக்க வேண்டும். கல்லை மட்டும் காத்துப் பயனில்லை.