டல்லாஸில் மகன், பைராகிப்பட்டடையில் வாடகை

2025 பட்ஜெட் வந்ததிலிருந்து “12 லட்சம் வரை வரி இல்லை” என்ற வாட்ஸ்அப் செய்தி நம் பக்கத்து வீடுகளில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சித்தூரிலும் திருப்பதியிலும், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் வீட்டையும் டெபாசிட்டையும் பார்த்துக்கொள்ளும் பெற்றோர்கள் அதைப் படித்து நிம்மதியாகிவிட்டார்கள். அந்தச் சலுகை அந்தப் பிள்ளைகளுக்குக் கிடையாது. அந்த வரித் தள்ளுபடி இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டும்தான். என்ஆர்ஐ-க்குப் புதிய வரிமுறையில் விலக்கு 4 லட்சத்தோடு சரி.

“அவன்தான் அங்கே வரி கட்டுறானே, இங்கே எதுக்கு?” என்று கேட்காத அப்பாவே இல்லை. வருமானம் இங்கே முளைத்தால் வரியும் இங்கே என்பதுதான் சட்டம். ஆள் என்ஆர்ஐ-யா இல்லையா என்பதைப் பாஸ்போர்ட் முடிவு செய்வதில்லை, நாட்கணக்கு முடிவு செய்கிறது. வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமகன் ஊருக்கு வந்தால், என்ஆர்ஐ-யாகவே நீடிக்க ஒரு நிதியாண்டில் 182 நாளுக்குள் திரும்பிவிட வேண்டும். இங்குள்ள வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் 120 நாளிலேயே சோதனை தொடங்கிவிடும்.

இந்த 15 லட்சத்துக்கு ஒரு கதை உண்டு. 2020 பிப்ரவரி 1 பட்ஜெட்டில், வேறெந்த நாட்டிலும் வரி கட்ட வேண்டியிராத இந்தியக் குடிமகனை இங்கே வசிப்பவராகவே கருதுவோம் என்றார்கள். வளைகுடாவில் இருந்தவர்கள் பதறிப்போனார்கள். ராயச்சோட்டி, ராஜம்பேட்டை பக்கமிருந்து குவைத்துக்கு டிரைவர் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போனவர்கள் ஏராளம், அங்கே சம்பளத்துக்கு வருமான வரியே கிடையாது. மறுநாளே நிதியமைச்சகம் விளக்கம் கொடுத்தது. அங்கே உழைத்துச் சம்பாதிப்பதில் கை வைக்க மாட்டோம் என்றது. சட்டமாக நிறைவேறும்போது 15 லட்சம் வரம்பும் சேர்ந்தது. ஆகவே குவைத் சம்பளத்தைப் பற்றி யாரும் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது ஊரில் விட்டுப்போன சாதாரண சேமிப்புக் கணக்கைப் பற்றி. அதை என்ஆர்ஐ-களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றியிருக்க வேண்டும். மாற்றாமல், டெபாசிட் வட்டியில் வரி பிடிக்காதிருக்க மகன் பெயரில் பெற்றோர்கள் உறுதிமொழிப் படிவமும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் படிவத்தை என்ஆர்ஐ கொடுக்கவே கூடாது. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போடும் என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு இங்கே வரி இல்லை, என்ஆர்ஓ வட்டிக்கு உண்டு. வங்கியே 30 சதவீதமும் செஸ்ஸும் பிடித்துவிடும்.

வாடகைக்கு வருவோம். திருப்பதி பைராகிப்பட்டடையில் ஒரு வீடு, மாதம் 20,000 ரூபாய் வாடகை. சொந்தக்காரர் ஊரிலேயே இருந்தால், 50,000-ஐத் தாண்டாத வாடகையில் குடித்தனக்காரர் ஒரு பைசா பிடிக்க வேண்டாம். சொந்தக்காரர் டல்லாஸில் இருந்தால் வெளிநாட்டில் வசிப்பவருக்குக் கொடுக்கும் பணத்துக்கான வரிப் பிரிவு வந்து நிற்கிறது. அதற்குக் குறைந்தபட்சத் தொகை என்று எதுவும் இல்லை. 31.2 சதவீதம், அதாவது மாதம் 6,240 ரூபாய் பிடித்துக் கட்ட வேண்டும். அதற்கு வரி பிடிப்பவருக்கான டான் எண் வாங்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிடித்த வரிக்கான கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டு அறை வீட்டில் குடியிருக்கும் பள்ளிக்கூட வாத்தியார் இதையெல்லாம் செய்வாரா? நான் பார்த்தவரை செய்தவர் யாருமில்லை. செய்யாவிட்டால் வரியும் வட்டியும் அவர் தலையில்தான் விழும்.

கணக்கைப் பாருங்கள். வருட வாடகை 2.4 லட்சம். அதில் பராமரிப்புக்கென்று 30 சதவீதம் கழித்தால் 1.68 லட்சம். வேறு வருமானம் இல்லையென்றால் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். ஆனால் பிடித்தது 74,880. அதைத் திரும்பப் பெற ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். போடாமல் விட்டுவிடலாம் என்றும் இருக்க முடியாது, பிடித்தம் 25,000 ஆனாலே ரிட்டர்ன் கட்டாயம். பெரிய கம்பெனிகள் வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்குப் பொருத்தமான பிரிவைச் சின்ன வீட்டு வாடகைக்கும் மாட்டியது அநியாயம் என்றே சொல்வேன். வசிப்பவருக்கு உள்ள அதே 50,000 வரம்பை இங்கேயும் வைத்தால் அரசாங்கத்துக்கு என்ன குடிமுழுகிவிடும்?

அமெரிக்காவில் இருப்பவருக்கு வேலை இரட்டிப்பு. கிரீன் கார்டு இல்லாத எச்1பி விசாக்காரர்கூட வரிக்கணக்கில் அங்கே வசிப்பவராகிவிட்டால், பைராகிப்பட்டடை வாடகையையும் அங்கே காட்ட வேண்டும். இங்கே கட்டிய வரிக்கு அங்கே கழிவு உண்டு. வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருடத்தில் ஒருநாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் என்ற அறிக்கை தனி. அப்பாவோடு கூட்டாக வைத்திருக்கும் சித்தூர் வங்கிக் கணக்கும் அந்தக் கணக்கில் சேரும், பணம் முழுக்க அப்பாவின் பென்ஷனாகவே இருந்தாலும்.

ஜூலை மாதம் ஆடிட்டர் ஆபீஸ் பெஞ்சில் பிளாஸ்டிக் பையோடு உட்கார்ந்திருப்பது மகனல்ல, அப்பா. பையில் வாடகை ரசீது, வீட்டு வரி ரசீது, வங்கிச் சான்று. சட்டைப் பையில் பட்டன் போன், அதில் மகனின் பழைய சிம். ஆதார் அந்த எண்ணோடு இணைந்திருக்கிறது, ரிட்டர்னை உறுதிசெய்ய ஓடிபி அதற்குத்தான் வரும். அந்த ஒரு காரணத்துக்காகவே அந்த சிம்முக்கு விடாமல் ரீசார்ஜ் போடுகிறார். “நைனா, ஓடிபி வந்துச்சா?” என்று அங்கிருந்து குரல். இவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் படிக்கிறார். ரிட்டர்ன் போட்டு 30 நாளுக்குள் இதை முடிக்க வேண்டும். ரீஃபண்ட் வந்தால் மகனுடைய என்ஆர்ஓ கணக்குக்குப் போகும், ஆடிட்டர் ஃபீஸ் அப்பாவின் பாக்கெட்டிலிருந்து.

நிலத்தை விற்கும்போதுதான் பெரிய தொகை மாட்டுகிறது. விவசாய நிலம் என்றால் வரியில்லை என்பார்கள், அது தூரத்தைப் பொறுத்தது. திருப்பதிக்கும் சித்தூருக்கும் 2011 மக்கள்தொகை ஒரு லட்சத்துக்கு மேல், பத்து லட்சத்துக்குள். அதனால் நகர எல்லையிலிருந்து நேர்கோட்டில் 6 கிலோமீட்டருக்குள் இருப்பது வரிக்கு நகர நிலம்தான். திருச்சானூர்ப் பக்கம் தாத்தா உழுத வயலானாலும் அப்படித்தான்.

பிளாட் என்றால் இன்னும் நேரடி. 30 லட்சத்துக்கு வாங்கிச் சில வருடம் கழித்து 40 லட்சத்துக்கு விற்றால் லாபம் 10 லட்சம், வரி 12.5 சதவீதமும் செஸ்ஸுமாக 1.3 லட்சம். ஆனால் வாங்குபவர் பயந்துகொண்டு மொத்த விலைக்கும் பிடிப்பார், 5.2 லட்சம். மீதி 3.9 லட்சம் ரிட்டர்ன் போட்டு, ரீஃபண்ட் வரும்வரை முடங்கிக் கிடக்கும். குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே வாங்கிவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. பத்திரம் பதிவான பிறகு கேட்டால் பயனில்லை, அட்வான்ஸ் வாங்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். வாங்குபவருக்கும் ஒரு வார்த்தை: பவர் பத்திரத்தோடு கையெழுத்துப் போட அப்பா வந்து நின்றால், மகன் எந்த ஊரில் இருக்கிறான் என்று முதலில் கேளுங்கள்.