விந்தைக் கதைக்குப் பூதம் வேண்டுமா?

விந்தைக் கதை எழுதுமாறு மாணாக்கரைப் பணித்தால், பெரும்பாலான தாள்களில் பூதம் தோன்றிவிடுகிறது. வறியவன் ஒருவன் காட்டில் பழைய விளக்கைக் கண்டெடுப்பான், பூதம் வெளிப்படும், அடுத்த வரியில் மாளிகை எழும், கதை முடிந்துவிடும். இதனைக் காணும் பெற்றோர் சிலர், இத்தகைய கதைகளே பிள்ளைகளுக்கு வேண்டா என்கின்றனர். ஆசிரியர் சிலரோ, பூதமும் தேவதையும் இன்றேல் அது விந்தைக் கதையே அன்று என்கின்றனர். இரு சாராரோடும் நாம் உடன்படுவதற்கில்லை.

நம் ஜொகூர் மாநிலத்தின் மிக உயர்ந்த மலை, 1276 மீட்டர் உயரமுடைய குனோங் லேடாங். அம்மலையின் இளவரசியை மணக்க விழைந்த மலாக்கா சுல்தான் மாமுட் ஷாவின் கதையைச் 'செஜாரா மெலாயு' என்னும் பழநூல் கூறுகிறது. மலாக்காவிலிருந்து மலைவரை பொன்னால் ஒரு பாலமும் வெள்ளியால் ஒரு பாலமும், ஏழு தட்டு நிறையக் கொசுக்களின் இதயங்கள், ஒரு தாழி கண்ணீர் என நீளும் அவள் கேட்ட சீர்வரிசை. இறுதியாகச் சுல்தானின் குருதியில் ஒரு கிண்ணமும் அவர்தம் மைந்தனின் குருதியில் ஒரு கிண்ணமும் வேண்டும் என்றாள். ஏனையவற்றிற்கு இசைந்த சுல்தான், குருதி எடுக்க மனம் துணியாது பின்வாங்கினார். இளவரசி மானிடப் பெண் அல்லள் என்பது உண்மையே. ஆயினும் நம் நெஞ்சைப் பிடித்து நிறுத்துவது அவளுடைய மாயமா, ஒரு தந்தையின் தயக்கமா?

மாயமே இல்லாத விந்தையும் உண்டு. ஜோனதன் ஸ்விப்ட் 1726இல் வெளியிட்ட 'கலிவரின் பயணங்கள்' நூலில் வரும் லில்லிபுட் நாட்டில் மந்திரவாதி எவரும் இலர். மக்கள் ஆறு அங்குலத்திற்கும் குறைந்த உயரமுடையர், அவ்வளவே மாற்றம். கலிவர் அவர்களினும் பன்னிரு மடங்கு உயரமானவர் எனின், அவர்தம் உடல் 1728 மடங்கு பெரிது. உணவும் அதற்கேற்ப வேண்டும். ஐந்தாம் ஆண்டு மாணவனும் 12ஐ மும்முறை பெருக்கி இதனைச் சரிபார்க்கலாம். (கணித ஆசிரியர்கள் இக்கதையை விட்டுவைத்திருப்பது நமக்கு வியப்பே!) அதே நூலின் பிற்பகுதியில் ஆவிகளை அழைக்கும் தீவொன்றும் வருகிறது. உலகம் நினைவில் வைத்திருப்பது லில்லிபுட்டையே.

ஆயின் வேதாளத்தை என் செய்வது? 1947இல் சென்னையில் தொடங்கிப் பல்லாண்டுகள் வெளிவந்த 'அம்புலிமாமா'வில் வேதாளக் கதை படித்து வளர்ந்தோர் நம்மிடையே பலர். அவ்வேதாளம் விக்கிரமனுக்கு மாளிகை கட்டித் தரவில்லை; இடர்ப்பாட்டையே தந்தது. விடை தெரிந்தும் வாய் திறவாவிடில் தலை சிதறும். திறந்தாலோ வேதாளம் மீண்டும் முருங்கை மரமேறும். இத்தகைய பேய் நம் கதைகளில் தாராளமாக வரலாம்.

ஒருநாள் காலை, நம் தோட்டத்துச் செம்பனைக் குலைகள் யாவும் பஞ்சுபோல் எடையற்றுப் போயின எனக் கொள்வோம். லாரியில் ஏற்றியவை காற்றில் பறவாமல் எவ்வாறு ஆலை சேரும்? எடை பார்த்துக் கூலி பெறும் தந்தை அன்று மாலை எதைக் கொண்டு வீடு திரும்புவார்? நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் இதனை எழுதிப் பார்க்கட்டும். பூதம் வந்து கூலி கொடுத்ததாக மட்டும் முடிக்க வேண்டா.