நான்கு முழப் பாதை

அரியலூர் என்றால் சிமெண்டு என்பது எல்லோரும் அறிந்ததே. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது என்றும், அக்கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் படிந்தே சுண்ணாம்புக்கல் உண்டாயிற்று என்றும் வகுப்பில் படித்திருக்கிறோம். அந்தக் கல்லை நம்பித்தான் 1979-இல் அரசு சிமெண்டு ஆலை இங்கே வந்தது. சுற்றிலும் தனியார் ஆலைகளும் எழுந்தன. எத்தனையோ ஊர்களின் வீடுகளும் பாலங்களும் நடைமேடைகளும் நம் மண்ணிலிருந்து போனவை. ஆனால், பேருந்தைவிட்டு இறங்கிப் பள்ளிக்கு நடந்து வரும் எங்களுக்குக் கால் வைக்க ஒழுங்கான நடைபாதை இல்லை. இதை எண்ணும்போது சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது.

கடைவீதியில் நாங்கள் நடப்பது பெரும்பாலும் சாக்கடையை மூடிய பலகைக் கற்களின் மேல்தான். அதிலும் பாதி இடத்தில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கும். மீதி இடத்தில் கடைச் சாமான்கள் இருக்கும். ஒரு பலகை உடைந்திருந்தால் சாலையில் இறங்க வேண்டும். இறங்கினால் முதுகுக்குப் பின்னால் லாரியின் ஒலி. புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக, எறும்புகளைப்போல் போகிறோம். நாங்களாவது இளையவர்கள். ஞாயிறு திருப்பலிக்குக் கைத்தடியோடு வரும் பாட்டிமார்களை நினைத்துப் பாருங்கள்!

நடைபாதை எப்படி இருக்கவேண்டும் என்பது யாருக்கும் தெரியாத இரகசியமன்று. இந்தியச் சாலைப் பேரவை வகுத்த நெறிமுறைப்படி, நடப்பவருக்குத் தடையின்றிக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும். பூக்காரம்மாவின் கணக்கில் அது நான்கு முழம். எதிரெதிரே இருவர் வந்தாலும் தோள் உரசாமல் போகலாம். பாதையின் உயரமும் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. பல ஊர்களில் நடைபாதையை இடுப்பளவு உயர்த்திக் கட்டிவிட்டு, மக்கள் அதில் ஏறுவதில்லை என்று குறை கூறுகிறார்கள். முழங்கால் வலிக்காரர் எப்படி ஏறுவார்? 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை வாழ்வுரிமையின் பகுதியே என்று கூறியது. நாம் கேட்பது சலுகையன்று.

இனிச் சைக்கிளுக்கு வருவோம். எங்கள் மனத்தில் கனமாக இருப்பது அதுதான்.

நமக்குத் தெற்கே உள்ள புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். கல் உடைக்கும் பெண்களும், வயல் வேலை செய்வோரும், கிராமச் செவிலியரும், ஆசிரியைகளும் சைக்கிள் கற்றார்கள். கேலி பேசியவர்கள் பேசட்டும் என்று கற்றார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பலர் முன்னிலையில் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பேருந்துக்காகக் காத்திருந்த நேரமும், கணவனையோ மகனையோ எதிர்பார்த்திருந்த நேரமும் அவர்களுடையதாயின. பின்னர் 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. 2005-06 முதல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியர் எல்லோருக்கும் அது கிடைத்தது.

ஆக, ஓட்டும் துணிவை அந்தத் தாய்மார்கள் தந்தார்கள். சைக்கிளை அரசு தந்தது. ஓட்டுவதற்குப் பாதையை யார் தருவது?

எங்கள் தோழி ஒருத்தி நான்கு கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிற்றூரிலிருந்து சைக்கிளில்தான் வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் மாலை, கடந்து சென்ற லாரியின் காற்றே அவளைச் சாலையோரச் சரளையில் தள்ளிவிட்டது. கையில் சிராய்ப்புதான், கடவுள் காத்தார். ஆனால் மறுநாளிலிருந்து அவள் தந்தை சைக்கிளைத் தொடவிடவில்லை. அவரை எப்படிக் குறை சொல்வது? இப்போது அவள் பேருந்தில் வருகிறாள். மாலைத் தனிவகுப்பு முடியும்வரை அந்தப் பேருந்து காத்திருப்பதில்லை. ஆகவே கணக்குத் தனிவகுப்பு அவளுக்கு இல்லை. சைக்கிள் திண்ணையில் காற்றிறங்கி நிற்கிறது. விபத்துக் கணக்கில் இவள் பெயர் வராது. அச்சத்தால் நின்றுபோன சைக்கிள்களை யாரும் எண்ணுவதில்லை.

இந்தக் கவலை நமக்கு மட்டும் வந்ததன்று. இன்று சைக்கிளுக்குப் பேர்போன நெதர்லாந்திலும் ஒரு காலத்தில் கார்களுக்காகத் தெருக்களை அகலப்படுத்திக்கொண்டே போனார்கள். 1971-ஆம் ஆண்டில் மட்டும் அங்கே மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் சாலையில் இறந்தனர். அவர்களில் நானூறுக்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். விபத்தில் மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் 1972-இல், குழந்தைக் கொலையை நிறுத்துங்கள் என்று தலைப்பிட்டுக் கட்டுரை எழுதினார். பெற்றோரும் பிள்ளைகளும் தெருவுக்கு வந்தனர். மறு ஆண்டு எண்ணெய்த் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, தெருக்கள் மெல்ல மாறின. பணக்கார நாடு, செய்துகொண்டார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் அங்கும் கேட்ட பிறகுதான் கிடைத்தது.

நம் நாட்டிலேயே, 2014-இல் சென்னை மாநகராட்சி நடப்போருக்கும் சைக்கிள் ஓட்டுவோருக்கும் முதலிடம் தரும் கொள்கையை ஏற்றது. 2019-இல் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை திறக்கப்பட்டது. விடுமுறைக்குச் சென்னை போன எங்களில் சிலர் அதில் நடந்து பார்த்தோம்; நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதை அப்படியே பெயர்த்து இங்கே வைக்க முடியாது. பாண்டி பஜாரின் தொல்லை கார். நம் தொல்லை லாரி. 2011 கணக்கெடுப்பில் முப்பதாயிரத்துக்கும் குறைவான மக்களைக் கொண்ட நகரம் நம்முடையது. பெரும்பாலான இடங்களுக்கு நடந்தே போய்விடலாம். பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் பார லாரிகள் ஊருக்குள் வராமல் பார்த்துக்கொண்டாலே பாதிச் சுமை இறங்கிவிடும். செந்துறை சாலை, ஜெயங்கொண்டம் சாலை, பெரம்பலூர் சாலை ஆகியவற்றில் ஊர் எல்லைவரையாவது சைக்கிளுக்கென்று தனி ஓரம், வெறும் வெள்ளைக் கோடாக அல்லாமல், தடுப்புக் கற்களோடு வேண்டும்.

நிழலும் வேண்டும். சித்திரை வெயிலில் நிழலில்லாத நடைபாதை தோசைக்கல்தான். சாலையை அகலப்படுத்தும்போது முதலில் சாய்வது மரம். தப்பிய மரத்தின் அடியையும் வேர்வரை சிமெண்டால் பூசிவிடுகிறோம். சிமெண்டு ஊர் என்பதற்காக மரத்துக்கும் பூச வேண்டுமா? தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவு மண்ணைத் திறந்துவிடும்படி 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. அதையே இங்கும் செய்து, வேம்பும் புங்கனும் பூவரசும் வைத்து, நடைபாதை ஓரத்தில் சற்றுத் தாழ்ந்த மண்பாத்தி விட்டால் மழைநீர் அங்கேயே இறங்கும். தெருத் தண்ணீர் குப்பையோடு ஏரிகளுக்குப் போவதும் குறையும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், ஓரிருவர் மட்டும் ஏறிச்செல்லும் கார்களால் நகரங்கள் திணறுவதைக்கூட எடுத்துச் சொல்லியிருக்கிறார். மறைக்கல்வி வகுப்பில் அந்த இடத்தைக் கேட்டபோது, இவ்வளவு சிறிய செய்தியும் சுற்றுமடலுக்குள் வருமா என்று வியந்தோம்.

வியாபாரம் கெட்டுவிடும் என்று கடைக்காரர்கள் அஞ்சுவது நியாயமே. வாசலில் வண்டி நின்றால்தான் ஆள் வருவார் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் நிற்கும் வண்டி பொருள் வாங்குவதில்லை. நடந்து போகிறவர்தான் நின்று பார்க்கிறார், வாங்குகிறார். பூக்காரம்மாவையும் விரட்ட வேண்டாம். நான்கு முழத்துக்கு அப்பால் அவருக்கும் ஓர் இடம் குறித்துக் கொடுக்கலாம்.

எடுத்த எடுப்பிலேயே இடித்துக் கட்டுங்கள் என்று நகராட்சியை நாங்கள் கேட்கவில்லை. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைவீதியின் ஒரு பக்கத்தில் நான்கு முழத்துக்குக் கோடு போட்டு, வண்டிகளை அதற்கு வெளியே நிறுத்தி, மாலைவரை என்ன நடக்கிறதென்று பார்க்கலாமே! கோடு போடக் காலைத் திருப்பலி முடிந்ததும் நாங்கள் வந்துவிடுகிறோம். சுண்ணாம்புக்குத்தான் இந்த ஊரில் பஞ்சமில்லையே.